கேஸ் ஊரில், நாம் சென்னையில்: வக்கீலை எங்கே பிடிப்பது?

அம்மா பிறந்தது தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கரிசல்காட்டுக் கிராமம். தாத்தா விட்டுப்போனது ஏழு ஏக்கர் மானாவாரியும் ஒரு ஓட்டு வீடும். உயில் எழுதாமல் 1998-ல் காலமானார். அம்மாவுக்கு இரண்டு தம்பிகள். 2011-ல் அந்த இரண்டு மாமாக்களும் தங்களுக்குள் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, பட்டாவையும் பெயர் மாற்றிக்கொண்டார்கள். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாலையை அகலப்படுத்தி, பக்கத்துப் புஞ்சை நல்ல விலைக்குப் போன பிறகுதான் வீட்டில் பேச்சு கிளம்பியது. பேச்சு முற்றி, 2024 தொடக்கத்தில் ‘வக்கீலைப் பார்த்துவிடுவோம்’ என்ற இடத்தில் வந்து நின்றது.

நாங்கள் இருப்பது சென்னை. வக்கீல் என்று வாயைத் திறந்ததுமே ஐந்து யோசனைகள் வந்து விழுந்தன. அலுவலக நண்பர் சொன்ன சென்னை வக்கீல் ஒருவர். சொந்தத்தில் ஒருவர். தூத்துக்குடியில் ‘பெரிய ஆபீஸ்’ ஒன்று. கிராமத்துக்குப் பக்கத்துத் தாலுகா ஊரில் இருக்கும் வக்கீல்கள். அப்புறம், எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற கோர்ட் ஊழியர் சொன்ன இலவசச் சட்ட உதவி. ஐந்தையும் ஏறக்குறைய பார்த்துவிட்டோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாலுகா ஊர் வக்கீலைத்தான் வைத்தோம். ஆனால் முதலில் பார்த்த தாலுகா வக்கீலை அல்ல, இரண்டாவதாகப் பார்த்தவரை.

சென்னை வக்கீலிடமிருந்து தொடங்குகிறேன். வக்கீல்கள் சட்டத்தின் 30-ஆம் பிரிவு 2011 ஜூனில் நடைமுறைக்கு வந்தபின், பார் கவுன்சிலில் பதிவுள்ள யாரும் இந்தியாவில் எந்தக் கோர்ட்டிலும் ஆஜராகலாம். அதனால் சென்னைக்காரர் தெற்கே வந்து வாதாடச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. ஆனால் கேஸை சென்னையில் போட முடியாது. நிலத்தைப் பற்றிய வழக்கு, நிலம் எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்குள் இருக்கும் கோர்ட்டில்தான் நடக்கும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அப்படி. ஊர் விட்டு ஊர் போய்ச் சொத்து கேட்கிறவர்கள் பலருக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது. சென்னையிலேயே போட்டு, மாமாக்களை இங்கே அலையவிடலாம் என்று ஒரு அற்ப ஆசை இருந்தது உண்மை.

அவரிடம் கொடுத்த ஐயாயிரம் வீண் போகவில்லை. சட்டம் எங்கே நிற்கிறது என்பதை அரை மணி நேரத்தில் தெளிவாகச் சொன்னார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. அப்பா திருத்தம் வந்த தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்திருந்தால்தான் சிக்கல். 2011 பத்திரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இதெல்லாம் சரி. ஆனால் வாய்தா வாய்தாவாக ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் யார் போவது என்று கேட்டபோது, ‘அங்கே லோக்கலில் ஒருத்தரை போட்டுக்கலாம்’ என்றார். அந்த ஒருத்தரை நாங்கள் பார்த்திருக்க மாட்டோம், அவர் அம்மாவின் கதையைக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் ஜட்ஜ் முன்னால் நிற்கப்போவது அவர்தான். ஃபீஸ் மட்டும் இரண்டு இடத்தில். வெளியூர் வக்கீலிடம் ஒரு முறை காசு கொடுத்து அபிப்பிராயம் கேட்டுக்கொள்வது நல்ல செலவு, கேஸையே அவரிடம் கொடுப்பது வேறு கணக்கு. இதுதான் என் கருத்து.

சொந்தக்கார வக்கீல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் குடும்பத்தில் இன்னொரு கேஸ் வரும். அவர் எடுத்த எடுப்பில், ‘அக்காவுக்கு 81-லயே கல்யாணம் ஆயிடுச்சே, 89-க்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பொண்ணுக்குப் பங்கு கிடையாது’ என்றார். அப்படி ஒரு சட்டம் இருந்தது நிஜம். தமிழ்நாடு 1989-ல் கொண்டுவந்த திருத்தம் மகள்களுக்குப் பிறப்புரிமைப் பங்கு கொடுத்தது, ஆனால் அதற்கு முன்பே திருமணமானவர்களை விட்டுவிட்டது. அப்போதைய சட்டத்திலும் தாத்தாவின் பங்கில் வாரிசு என்ற முறையில் அம்மாவுக்கு ஒரு துண்டு உண்டு. மத்தியச் சட்டம் 2005-ல் வந்து அந்தக் கல்யாணக் கணக்கையே எடுத்துவிட்டது. அவருடைய தொழில் முழுக்க மோட்டார் விபத்து கேஸ். அதில் கெட்டிக்காரர். நிலத்துக்கு அவரிடம் போனது எங்கள் தப்பு. சொந்தக்காரரிடம் ஃபீஸ் பேச முடியாது, ஏன் வாய்தாவுக்குப் போகவில்லை என்று கேட்க முடியாது, பிடிக்கவில்லை என்றால் மாற்றவும் முடியாது. கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம் வக்கீலின் வாயைத்தான் கட்டும், அவர் வீட்டு டெலிபோனைக் கட்டாது. அன்று சாயங்காலமே பெரிய மாமாவுக்கு விஷயம் போய்விட்டது.

தூத்துக்குடி பெரிய ஆபீஸில் சீனியரைப் பார்க்கக் கிடைத்தது ஏழு நிமிடம். மீதி நேரம் ஜூனியர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, பெரிய ஆபீஸ் அப்படித்தான் நடக்கும். இங்கே ஒரு சின்ன விளக்கம். நாம் ‘சீனியர்’ என்பது ஆபீஸின் தலைவரை. உயர் நீதிமன்றம் அங்கீகரிக்கும் ‘சீனியர் அட்வகேட்’ வேறு. அவர் வக்காலத்து தாக்கல் செய்யவே முடியாது, இன்னொரு வக்கீல் மூலம்தான் வருவார். யாராவது ‘நேரா சீனியர் அட்வகேட்டையே வச்சுடலாம்’ என்றால் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

மாவட்டத் தலைநகர் வக்கீல் எப்போது சரி? வழக்கின் மதிப்பைப் பொறுத்து அது முன்சீப் கோர்ட்டுக்கோ சப் கோர்ட்டுக்கோ மாவட்டக் கோர்ட்டுக்கோ போகும். ஆகவே வக்கீலைத் தேடுவதற்கு முன்பே ‘என் கேஸ் எந்தக் கோர்ட்டுக்குப் போகும்?’ என்று யாரிடமாவது கேட்டுவிட வேண்டும். மாவட்டக் கோர்ட் என்றால் அங்கேயே தினமும் நிற்கிறவர் வேண்டும். எங்களுடையது தாலுகா ஊரிலேயே முடிகிற மதிப்பு. அந்த ஆபீஸிலிருந்து ஒரு ஜூனியர் பஸ் ஏறி வந்து போவார், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து அந்த ஜூனியர் தனியாக போர்டு மாட்டிக்கொண்டால் அடுத்த ஜூனியருக்கு அம்மா முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

இலவசச் சட்ட உதவியை நாங்கள் வறுமைக்கானது என்றே நினைத்திருந்தோம். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் வருமான வரம்பே இல்லை. அம்மா பெண் என்ற ஒரே காரணத்துக்காக வக்கீல் கேட்கலாம். கோர்ட் கட்டணம் கூட அதில் அடங்கும். தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். கேஸ் போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டுப் பேசவைக்கவும் செய்வார்கள். அங்கே சமரசமானால் அது கோர்ட் டிகிரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. மாமாக்கள் வந்து உட்கார மாட்டார்கள் என்று தெரிந்ததால் நாங்கள் அந்த வழியில் போகவில்லை. எதிராளி பேசக்கூடியவர் என்றால், முதல் படியே அதுதான் என்பேன். குறை ஒன்று: பட்டியலில் இருக்கும் வக்கீல்களில் யார் வருவார் என்பது உங்கள் கையில் அவ்வளவாக இல்லை.

ஆன்லைனில் ‘எங்க ஊர்ல பெஸ்ட் வக்கீல்’ என்று தேடுவதைப் பற்றியும் ஒரு வரி. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இணையதளங்கள் வழியாக ஆள் பிடிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகக் கண்டித்தது. அங்கே தெரியும் நட்சத்திரங்களை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அதைவிட உருப்படியானது இ-கோர்ட்ஸ் செயலி. கோர்ட்டைத் தேர்ந்தெடுத்து வக்கீல் பெயரைப் போட்டால், அவர் பெயரில் என்னென்ன வழக்குகள் ஓடுகின்றன என்று வரும். பாகப்பிரிவினை வழக்குகள் இருக்கின்றனவா, எல்லாமே செக் கேஸா, அந்தக் கோர்ட்டில் அவருக்குப் புழக்கம் உண்டா என்று கால் மணி நேரத்தில் ஒரு தோராயம் கிடைக்கும். எதிராளி பெயரையும் போட்டு, அவருக்கு யார் வக்கீல் என்று பாருங்கள். நாங்கள் அதைச் செய்யாமல் போனதால்தான் முதல் தாலுகா வக்கீலிடம் அந்தக் கூத்து நடந்தது.

நெல்லை எக்ஸ்பிரஸில் இறங்கி, குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு அவர் ஆபீஸுக்குப் போனோம். ஊரில் நல்ல பெயர் உள்ளவர். அம்மா உட்கார்ந்ததும் ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். நாலு வாக்கியம் போயிருக்கும், பெரிய மாமா பெயர் வந்ததும் அவர் கையைத் தூக்கினார். ‘அம்மா, நிறுத்துங்க. உங்க தம்பி என் கட்சிக்காரர். ஒரு பணம் கொடுக்கல் வாங்கல் கேஸ் ஓடுது. இதுக்கு மேல நீங்க சொல்றது எனக்கும் நல்லதில்ல, உங்களுக்கும் நல்லதில்ல.’ ஃபீஸும் வாங்கவில்லை. நேர்மையான மனிதர். ஆனால் சின்ன ஊரில் இந்தச் சங்கடம் எப்போதும் இருக்கும். வக்கீலுக்கு எல்லாரையும் தெரியும், எதிராளியையும் சேர்த்து. அதனால் போனில் நேரம் கேட்கும்போதே, கதைக்குப் போகாமல், எதிராளியின் பெயரையும் ஊரையும் மட்டும் சொல்லி ‘உங்களுக்கு இவங்க தெரியுமா சார்?’ என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாமவர் ஆபீஸ் கோர்ட்டுக்கு எதிரே ஒரு மருந்துக்கடை மாடியில். மரப் பெஞ்சு, சுவரோரம் நூல் கட்டிய கேஸ் கட்டுகள், வாசல் பக்கம் குமாஸ்தாவின் மேசை. எதிராளி பெயரைக் கேட்டுக்கொண்டார், தெரியாது என்றார். எங்கள் காகிதக் கட்டை வாங்கிப் பத்து நிமிடம் பேசாமல் புரட்டினார். வில்லங்கச் சான்றைப் பார்த்ததும் முதல் கேள்வி: ‘இது புது சர்வே நம்பருக்கு மட்டும் போட்டிருக்கு. யு.டி.ஆருக்கு முந்தின நம்பர் என்ன?’ யு.டி.ஆர் என்பது 1980-களில் அரசு நிலப் பதிவேடுகளைத் திருத்தியமைத்த வேலை, அதில் ஊரின் சர்வே எண்கள் மாறியிருந்தன. தாத்தாவின் கிரயப் பத்திரம் பழைய எண்ணில்தான் இருந்தது. பழைய எண்ணுக்கும் வில்லங்கம் போட்டால்தான் முழுச் சங்கிலி தெரியும். வீட்டைப் பற்றி, ‘அந்தத் தெரு நத்தம் ஆச்சே, நத்தம் பட்டா யார் பேர்ல?’ என்றார். நத்தம் என்றால் ஊரின் குடியிருப்பு நிலம் என்பதே எங்களுக்கு அன்றுவரை தெரியாது. சென்னை வக்கீலிடம் இந்த இரண்டு கேள்விகளும் வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. உள்ளூர் வக்கீல் என்பதற்கு நான் கொடுக்கும் அர்த்தம் இதுதான். ஜட்ஜைத் தெரியும், ஆபீஸில் ஆளைத் தெரியும் என்று சொல்கிறவரை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அப்புறம் கட்டை மூடிவைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: ‘பங்கு தர மாட்டாங்கன்னு மொதமொத உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சது?’

அம்மா என்னைப் பார்த்தார். 2022-ல் வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது என்று சென்னை வக்கீலிடம் சொல்லியிருந்தோம், ரயிலிலும் அதையே பேசிக்கொண்டு வந்தோம். வக்கீல் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். ‘2013 கோயில் கொடைக்கு ஊருக்கு வந்திருந்தப்ப பெரியவன் சொன்னான். உனக்குத்தான் நகை போட்டு அனுப்பியாச்சே, நிலத்தை நாங்க ரெண்டு பேரும் பிரிச்சுக்கிட்டோம்னு. பந்தியில நாலு பேர் இருந்தாங்க.’

‘எந்த மாசம்?’

‘வைகாசி.’

குறித்துக்கொண்டார். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து தன்னை விலக்கிவிட்டார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடத்துக்குள் பங்கு கேட்க வேண்டும் என்பது காலவரையறைச் சட்டம். 2013 வைகாசி என்றால் 2025 வைகாசி. ‘பந்தியில சொன்னது விலக்கினதா ஆகுமா ஆகாதான்னு அப்புறம் வாதாடிக்கலாம்மா. ஆனா அந்த நாலு பேர்ல ஒருத்தர் எதிர்சாட்சியா வந்து நின்னு, இந்தத் தேதியை நான் அங்க வச்சு முதல் தடவையா கேட்டேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.’ 2022 என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் பேசிப் பார்க்கலாம் என்பதுதான் எங்கள் திட்டமாக இருந்தது.

வக்கீலிடம் சொன்னது அவரைத் தாண்டாது. தொழில் முறையில் கட்சிக்காரர் சொன்னதை, அவர் அனுமதி இல்லாமல் வக்கீல் வெளியிடக் கூடாது என்று பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 126. பொய்ப் பத்திரம் தயார் பண்ணித் தாருங்கள் என்பது போலச் சட்டத்துக்குப் புறம்பான காரியத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நமக்கு எதிராக இருப்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சரி, முதல் சந்திப்புக்கு என்ன கொண்டுபோவது. நாங்கள் முதலில் ஒரு மஞ்சள் பை நிறைய எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனோம், கல்யாணப் பத்திரிகை உட்பட. இரண்டாம் முறை புத்தி வந்தது. ஒரே ஒரு தாளில் தேதிவாரியாக நடந்தவை: யார் பிறந்தது, யார் இறந்தது, எந்தப் பத்திரம், யார் யாரிடம் என்ன சொன்னது. இன்னொரு தாளில் வம்சாவளி: தாத்தாவிலிருந்து கீழே எல்லார் பெயரும், இறந்தவர்களின் பிள்ளைகள் உட்பட. பாகப்பிரிவினை வழக்கில் ஒரு வாரிசை விட்டுவிட்டால் அதை வைத்தே எதிர்த்தரப்பு வழக்கை ஆட்டும். அதன் பின்னால் காகிதங்கள், பழையதிலிருந்து புதியது வரை. தாத்தாவின் கிரயப் பத்திரம், 2011 பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, பட்டா சிட்டா, அ பதிவேடு, புலப்படம், தாத்தா பாட்டி இருவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய தீர்வை ரசீதுகள். பட்டா, சிட்டா, அ பதிவேடு எல்லாம் அரசு இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். வில்லங்கத்தையும் பதிவுத்துறை தளத்தில் பார்க்கலாம். வாரிசுச் சான்றைத் தாசில்தார் கொடுத்திருந்தால் அதில் மகள்களின் பெயர் இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். எங்களுடையதில் அம்மா பெயர் இருந்தது. மாமாக்களே 1999-ல் வாங்கிய சான்று அது. வக்கீல் முகத்தில் அன்று முதல் முறையாகச் சிரிப்பைப் பார்த்தோம்.

அசல் எதையும் கொடுக்க வேண்டாம், நகல் போதும். அசலைக் கோர்ட்டில் காட்டும் நாள் வரும்போது கேட்பார்கள். அப்போதும் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

அம்மாவையே அழைத்துப் போனதும் நல்லதாகப் போயிற்று. பவர் எழுதி வாங்கி நானே எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். கையெழுத்துப் போட, வாய்தாவுக்குப் போக பவர் உதவும். ஆனால் அம்மாவுக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அவர் சார்பில் நான் கூண்டேறிச் சொல்ல முடியாது, உச்ச நீதிமன்றம் அதை அனுமதிப்பதில்லை. என்றாவது ஒரு நாள் அம்மாதான் ஏற வேண்டும். அவரால் எவ்வளவு தாங்க முடியும், எங்கே தடுமாறுவார் என்பதை வக்கீல் முதல் நாளே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

ஃபீஸ் பேச்சு. நம் ஆட்களுக்கு இதில்தான் கூச்சம். ‘எவ்வளவு சார் ஆகும்?’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் ‘பாத்துக்கலாம்’ என்றுதான் பதில் வரும். துண்டு துண்டாகக் கேளுங்கள். நோட்டீஸுக்கு எவ்வளவு, பிராது, அதாவது வழக்கு மனு, தயாரிக்க எவ்வளவு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாக உண்டா, இடையில் போடும் தடையுத்தரவு மனுக்கள் இதில் அடங்குமா, குமாஸ்தா செலவு யார் கணக்கு. பாகப்பிரிவினையில் இன்னொன்று. முதலில் வருவது முதல்நிலை டிகிரி, அதாவது உங்களுக்கு மூன்றில் ஒன்று என்று பங்கைச் சொல்லும் தீர்ப்பு. அதோடு நிலம் கைக்கு வராது. கமிஷனர் போய் அளந்து, எந்தப் பக்கம் யாருக்கு என்று பிரித்து, இறுதி டிகிரி ஆக வேண்டும். பேசிய ஃபீஸ் எந்த டிகிரி வரைக்கும் என்று கேட்காதவர்கள் பாதி வழியில் மறுபடி பேரம் பேசுவார்கள்.

கோர்ட் கட்டணம் தனி. தமிழ்நாட்டில் 2017-ல் மதிப்புக்கு ஏழரை சதவீதமாக இருந்ததை மூன்றாகக் குறைத்தார்கள். நாமும் கூட்டு அனுபவத்தில்தான் இருக்கிறோம் என்றால் சின்னத் தொகையாக ஒரு நிலையான கட்டணம். விலக்கப்பட்டுவிட்டோம் என்றால் பங்கின் மதிப்பு மேல் கட்டணம். எந்தப் பக்கம் நிற்பது என்பது காசு மிச்சம் பிடிக்கும் விஷயம் மட்டுமல்ல, பிராதில் எழுதும் வார்த்தை பின்னால் நம்மையே பிடிக்கும். இதை வக்கீல் விளக்கினாரா இல்லையா என்று பாருங்கள்.

‘இப்ப காசே வேண்டாம், ஜெயிச்சா நிலத்துல கால் பங்கு கொடுத்துடுங்க’ என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து எழுந்துவிடுங்கள். வெற்றியைப் பொறுத்து ஃபீஸ் வாங்குவது, கிடைத்ததில் பங்கு கேட்பது இரண்டுமே பார் கவுன்சில் விதிப்படி தப்பு. வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து வேண்டாம். வக்காலத்தையும் கோர்ட் பெயர், தரப்பினர் பெயர் எழுதிய பிறகே போடுங்கள். அச்சடித்த வக்காலத்தில் சமரசம் செய்துகொள்ளும் அதிகாரமும் சேர்த்தே இருக்கும். அதைப் பற்றிக் கேட்டதற்கு எங்கள் வக்கீல், ‘என்னைக் கேக்காம நீங்க பேசாதீங்க, உங்களைக் கேக்காம நான் பேச மாட்டேன்’ என்றார்.

பிடிக்காமல் போனால் மாற்றலாம். பழையவரிடம் சம்மதம் எழுதி வாங்கிப் புது வக்காலத்து போடுவது வழக்கம். ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. நுகர்வோர் கோர்ட்டுக்கு மட்டும் போக முடியாது. வக்கீல் தொழில் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதத் தீர்ப்பு. ஒழுங்கீனம் என்றால் பார் கவுன்சிலில்தான் புகார்.

உங்கள் வழக்கு நிலம் இல்லை என்றால் இந்த ஒப்பீடே மாறும். பட்டா விஷயமாக அரசு உத்தரவை எதிர்த்து ரிட் போடுவது என்றால் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரைக் கிளை. அங்கே புழங்குகிறவர் வேண்டும், தாலுகா வக்கீல் போதாது. செக் கேஸில் ஊரைவிட நாள்தான் முக்கியம். செக் திரும்பியதாக பேங்க் சொன்ன முப்பது நாளுக்குள் நோட்டீஸ் போயாக வேண்டும், நல்ல வக்கீலைத் தேடி மாதத்தை விட்டுவிடாதீர்கள். இந்துத் திருமணச் சட்டப்படி விவாகரத்து என்றால் மனைவி தான் இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கணவன் ஊர் வக்கீலைத் தேட வேண்டியதில்லை. நுகர்வோர் வழக்குக்கு வக்கீலே கட்டாயமில்லை.

எங்கள் வழக்கு 2024 ஆகஸ்டில் நம்பர் ஆனது. பெரிய மாமாவுக்கு வக்காலத்து போட்டது, நீங்கள் நினைக்கிறபடி, அந்த முதல் வக்கீல்தான். முதல் வாய்தா அன்று கோர்ட் வாசல் டீக்கடையில் அவரும் எங்கள் வக்கீலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ‘இவங்க ரெண்டு பேரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா?’ என்று என் கையைப் பிடித்தார். பத்தரைக்கு உள்ளே கேஸைக் கூப்பிட்டதும், பதிலுரைக்கு இரண்டு மாதம் வேண்டும் என்று முதலாமவர் கேட்டார். எங்கள் வக்கீல் ஒப்புக்கொள்ளவே இல்லை, குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. கிடைத்தது மூன்று வாரம். நாங்கள் வெளியே வந்தபோது முதலாமவர் மறுபடி டீக்கடையில் இருந்தார், அம்மாவைப் பார்த்து, ‘வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க’ என்று எழுந்து பெஞ்சில் இடம் விட்டார். அம்மா உட்காரவில்லை.